ஏரி தெரியாத அறை

எங்கள் அண்ணியிடம் ஒன்று கேட்க வேண்டுமென்றால், கேட்பவன் முதலில் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கிணற்றடியில் நின்று கேட்டால் பதில் வராது. சந்தையில் கேட்டாலும் வராது. அம்மன் கோயில் வாசலில் கேட்டால் நெற்றிக்குக் குங்குமம் கிடைக்கும், பதில் கிடைக்காது.

"யக்கா, நாளைக்கு வடக்கு வாய்க்கால் யாருது?" என்று தண்ணீர் சுமந்து வருகிறவரை ஒருவன் மறிப்பான்.

"என் இடுப்புல இன்னா கீது?" என்பார் அண்ணி.

"கொடம்."

"கொடத்துல?"

"தண்ணி."

"தண்ணி வேணும்னா குடி. வாய்க்கால் வேணும்னா பந்தலுக்கு வா."

கிணற்றடிக்கும் பந்தலுக்கும் நடுவே ஒரு வேப்பமரம்தான். ஆனாலும் அவன் வந்துதான் ஆக வேண்டும். வந்து உட்கார்ந்து, எல்லார் முன்னாலும் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், சில சமயம் உடனே பதில் வரும். சில சமயம் அண்ணி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அப்போது அவன் உட்கார்ந்திருக்க வேண்டும். முணுமுணுத்தால் பக்கத்தில் கருவாடு காயவைக்கிற கிழவி சொல்லும்: "இரு நைனா, பதில் இன்னும் வேகல."

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் தோணிரேவுக்காரர்கள். ஏரிதான் எங்களுக்குச் சோறு. ஏரி பெரிதென்று நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற சில வாய்க்கால்களில்தான் இறால் ஓடும். அந்த இடங்கள் கொஞ்சம், வீடுகள் அதிகம். அதனால் எந்த நாள் எந்த வாய்க்காலில் யார் வலை கட்டுவது என்று முறை வைத்திருக்கிறோம். அந்த முறைக்குப் பாடு என்று பேர். கல்யாணமான ஒவ்வொரு ஆண்பிள்ளைக்கும், முறையில் இடம் காலியானதும், ஒரு பாடு. காற்று கெட்டால் முறை தள்ளும். வீட்டில் சாவு விழுந்தால் தள்ளும். அம்மனுக்குத் திருவிழா என்றால் ஊருக்கே சேர்த்துத் தள்ளும். இத்தனையையும் யாராவது ஒருவர் மனதில் வைத்திருந்தால்தான் ஊர் அடித்துக்கொள்ளாமல் சாப்பிடும். எங்கள் ஊரில் அது எங்கள் நைனாவின், என்னைப் பெற்ற அப்பாவின், வேலையாக இருந்தது.

நைனாவுக்கு ஒரு நாள் வாயும் வலது கையும் விழுந்துபோயின. கஞ்சி ஊட்டியவர் அண்ணி. இடது கை என்ன சொல்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் புரிந்தது. ஊரார் நைனாவிடம் கேட்பார்கள், நைனா மணலில் கிளிஞ்சலை நகர்த்துவார், அண்ணி வாயால் சொல்வார். நைனா போன பிறகும் ஊரார் வழக்கம் போல வந்து கேட்டார்கள். அண்ணியும் வழக்கம் போல சொன்னார். பொம்பளை சொல்லி நாம கேக்கிறதா என்று இரண்டு பேர் முனகிப் பார்த்தார்கள். மறுநாள் யாருக்குப் பாடு என்று அவர்களுக்கே தெரியவில்லை. வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான் அந்தச் சண்டை.

எனக்கு எழுத்துப் படிப்பு அதிகமில்லை. வலை கட்டுவேன், வீடு வேய்வேன், வெள்ளிக்கிழமை தவறாமல் கங்கையம்மனுக்கு விளக்குப் போடுவேன். நான் வேய்ந்த வீடுகள் ஏரிக்கரை நெடுக இருக்கின்றன. எல்லாம் ஒரே மாதிரி வீடுகள்தான். வாசல் ஏரியைப் பார்த்திருக்கும், காற்று முன்னால் வந்து பின்னால் போகும். அண்ணி கேட்டு நான் கட்டியது ஒன்றுதான் வேறு மாதிரி.

அது ஒரு தப்பிலிருந்து வந்தது. ஒரு நாள் அண்ணி குழம்பு கூட்டிக்கொண்டே பாடு சொல்லிக்கொண்டிருந்தார். ஒருத்தி வந்து காதோரம் தன் புருஷனுக்காக ஏதோ கெஞ்சினாள். பிள்ளை ஒரு பக்கம் புடவையை இழுத்தது. யாருடைய தோணியோ கரைக்கு வருவது ஜன்னல் வழியே தெரிந்தது. அந்தக் கலவரத்தில் ஒரே வாய்க்காலுக்கு இரண்டு பேரைச் சொல்லிவிட்டார். இரண்டு தோணியும் போய்ச் சேர்ந்தன. தோணி தள்ளுகிற மூங்கிலால் அடித்துக்கொண்டார்கள். ஒருவனுக்கு மண்டை உடைந்தது.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, எனக்கு ஒரு அறை கட்டிக் குடு."

"இருக்கிற வூடு பத்தலியா அண்ணி?"

"பத்துது. ஆனா வூடு பூரா ஏரி கீது. ஏரி தெரியாத அறை ஒண்ணு வேணும்."

நான் சிரித்துவிட்டேன். எங்கள் ஜனத்தில் யாரும் ஏரிக்கு முதுகு காட்டி வீடு கட்டியதில்லை.

"இன்னும் கேளு. அந்தாண்ட சுவரே இல்லாம ஒரு பந்தல் வேணும்."

"ஒண்ணுல சுவரு மட்டும், ஒண்ணுல சுவரே இல்ல. இன்னா அண்ணி கணக்கு இது?"

"கேக்குறது ஒரு வேலை, யோசிக்கிறது ஒரு வேலை. கேக்கும்போது ஊரே எதிர்ல குந்தியிருக்கணும். யோசிக்கும்போது ஒரு ஈ கூட இருக்கக் கூடாது. ரெண்டையும் ஒரே அடுப்புல வெச்சேன், ஒருத்தன் மண்டை போச்சு."

எங்கள் அண்ணன், அதாவது அவர் புருஷன், பக்கத்தில் புகையிலை மென்றுகொண்டு படுத்திருந்தார். "தம்பி, கதவு கெட்டியா போடு. உள்ள போனா இவ எனக்கே வழி விடமாட்டா போலக்கீது" என்றார். அண்ணன் எதையும் சிரிப்பாகச் சொல்கிற மனிதர். என் மனைவி அப்படியில்லை. "உங்க அண்ணி உயிரோடவே சமாதிக்குப் போறாங்களா?" என்று கேட்டாள்.

காட்டூரிலிருந்து வைக்கோல் கொண்டுவந்து மண்ணில் மிதித்துச் சுவர் எழுப்பினேன். கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பு பூசினேன். கட்டுகிறபோது மனசு கேட்கவில்லை. ஒரு பொம்பளை இப்படி அடைந்து கிடப்பதா என்று, கேட்காமலே மேற்கில் ஏரியைப் பார்த்த மாதிரி சின்னதாக ஒரு ஜன்னல் விட்டேன். அண்ணி வந்து பார்த்தார். ஜன்னல் வழியே குனிந்து பார்த்தார்.

"அதோ உன் தோணி வருது" என்றார்.

"ஆமா அண்ணி, நல்லா தெரியுதில்ல?"

"நல்லா தெரியுது. வலை காலியா வரவும் தெரியுது. பாவம் நம்ம தம்பினு நெனப்பு வருது. நாளைக்கு உனக்கு நல்ல வாய்க்கால் குடுத்தா இன்னான்னு தோணுது. மூடு."

மூடினேன். அப்போதும் எனக்கு மனத்தாங்கல்தான். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் பட்டது. அம்மன் இருக்கிற கருவறைக்கு யார் ஜன்னல் வைத்தார்கள்? உள்ளே இருட்டு, ஒரு ஆள் நிற்கிற இடம். வெளியே மண்டபம், ஊரே நின்று அழுகிற இடம். கோயில் கட்டினவனுக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியவில்லை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தேன்.

"வெளிச்சத்துக்கு இன்னா பண்றது?" என்று அண்ணியிடம் கேட்டேன்.

"வெளிச்சம் வேணும். வேடிக்கை வேணாம்."

அதனால் கிழக்குப் பக்கம் கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற அளவு இடைவெளி விட்டேன். வெளிச்சம் மேலிருந்து இறங்கித் தரையில் விழும். எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் வானம் மட்டும்தான் தெரியும். தரையில் மண் பூசவேண்டாம் என்று சொல்லி முகத்துவாரத்து மணலைச் சலித்துக் கொட்டச் சொன்னார்.

பந்தலிலும் ஒரு திருத்தம் செய்தார். நடுவில் ஒரு பனந்தூண் நிறுத்தியிருந்தேன். அதை எடுக்கச் சொன்னார்.

"தூண் இல்லாம இவ்ளோ பெரிய பந்தல் நிக்காது அண்ணி."

"ஓரத்துல எத்தினி வேணா நிறுத்து. நடுவுல ஒண்ணு இருந்தா அதுக்குப் பின்னால ஒருத்தன் நிப்பான். நின்னா கிசுகிசுப்பான்."

ஓரத்தில் நெருக்கமாகத் தூண் நட்டு, நீளமான பனஞ்சட்டம் தேடி, எப்படியோ நிறுத்தினேன். அந்தப் பந்தலில் ஒளிவதற்கு ஓர் இடமில்லை. தென்காற்று, வாடைக்காற்று எது வந்தாலும் குறுக்கே போகும். யார் எது பேசினாலும் கருவாட்டுக் கிழவி வரைக்கும் கேட்கும். ஊரார் அதற்குக் கச்சேரி என்று பேர் வைத்தார்கள். பக்கத்துக் கோட்டையில் ஒல்லாந்தர், அந்த வெள்ளைக்காரர்கள், உட்கார்ந்து உத்தரவு போடுகிற இடத்துக்கும் அதே பேர்தான். கேலியாக வைத்த பேர், நாளாக நாளாகக் கேலி உதிர்ந்து பேர் மட்டும் நின்றது.

அறைக்கும் பந்தலுக்கும் நடுவே கொஞ்சம் வெட்டவெளி விடச் சொன்னார். அங்கே ஒரு தவலையில் தண்ணீர் இருக்கும். உள்ளே போகும்போதும் கால் கழுவுவார், வெளியே வரும்போதும் கழுவுவார். ஏன் என்று கேட்டேன். "போகும்போது ஊர கழுவுறேன், வரும்போது கணக்க கழுவுறேன்" என்றார்.

உள்ளே என்னதான் செய்கிறார் என்று ஊருக்கெல்லாம் ஆவல். மந்திரம் என்றுகூடச் சொன்னார்கள். கூரை மாற்றும்போது நான் பார்த்திருக்கிறேன். மணலில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் வரிசையாகக் கிடக்கும். ஒருவருக்குச் சங்கு, ஒருவருக்கு நண்டுக் கொடுக்கு, ஒருவருக்குப் பனங்கொட்டை ஓடு. அண்ணன் வீட்டுக்கு, கோட்டைக் குப்பையில் கிடைத்த நீலப்பூ போட்ட பீங்கான் சில்லு. அந்த வரிசையைப் பார்த்தபடி அண்ணி நிற்பார். ஒன்றை நகர்த்தினால் அதன் பின்னால் எல்லாம் நகரும். அவ்வளவுதான் மந்திரம். ஆனால் நடுவில் யாராவது "அண்ணி" என்று கூப்பிட்டால் போச்சு. முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

ஒரு தடவை கோட்டையிலிருந்து துபாஷி வந்தார். வெள்ளைக்காரருக்கும் நமக்கும் நடுவே பேசுகிறவர். பட்டுத் துண்டு, கையில் மோதிரம், பின்னால் குடைக்காரன். ஊரே எழுந்து நின்றது. அவர் அண்ணியிடம் குரலைத் தாழ்த்தி, "அம்மா, கொஞ்சம் உள்ள வந்து தனியா பேசணும்" என்றார்.

"உள்ள பேச்சு கெடையாதுங்க. இங்க குந்துங்க" என்று அண்ணி பாயைத் தட்டிப் போட்டார்.

பந்தலில் அப்போது நாலைந்து மீன்காரிகள் கூடையோடு இருந்தார்கள். பக்கத்தில் மண்டை உடைந்தவனும் இருந்தான். துபாஷி உட்கார்ந்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"இன்னா விஷயம்? சொல்லுங்க" என்றார் அண்ணி.

துபாஷி தொண்டையைக் கனைத்தார். "இந்த வருஷம் மழை எப்படி?" என்றார்.

"மழை அம்மன் கையில. வேற?"

"ஏரியில தண்ணி நல்லாத்தான் கீது."

"கீது. வேற?"

மோர் கொடுத்தோம். குடித்தார். எழுந்து போய்விட்டார். கோட்டைக்கு மீன் கொடுக்கிற ஒருவனுக்கு நல்ல வாய்க்காலை நிரந்தரமாக ஒதுக்கச் சொல்லி வந்தவர் என்று பின்னால் தெரிந்தது. அந்தப் பந்தலில் உட்கார்ந்து அதை வாயால் சொல்ல அவரால் முடியவில்லை. அண்ணி அவரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை என்பதுதான் இதில் அழகு. வந்தவருக்குப் பாய் போட்டார், மோர் கொடுத்தார், வேற என்று கேட்டார்.

எல்லாவற்றையும் நான் புகழ்ந்தே சொல்லக் கூடாது. அண்ணி உள்ளே இருந்தபோது ஒரு நாள் அவர் சின்னப் பெண் விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டது. வாயெல்லாம் ரத்தம். என் மனைவி கதவைத் தட்டு தட்டு என்று தட்டினாள். திறக்கவில்லை. வெளியே யாரோ பாடு அவசரத்தில் தட்டுகிறார்கள் என்று அண்ணி நினைத்திருக்கிறார். கணக்கை முடித்துக் கதவைத் திறந்தபோது பிள்ளை அழுது ஓய்ந்திருந்தது.

"நீங்கல்லாம் ஒரு தாயா?" என்று என் மனைவி கேட்டே விட்டாள்.

அண்ணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் என்னிடம் வந்து, சுவரில் ஒரு துளை போட்டுக் கயிறு விடச் சொன்னார். உள்ளே கயிற்று நுனியில் ஒரு வெண்கல மணி. தீ, வெள்ளம், பிள்ளை, இந்த மூன்றுக்கு மட்டும் கயிற்றை இழுக்கலாம் என்று ஊருக்குச் சொன்னார். ஒருவன் தன் ஆடு காணோமென்று இழுத்துவிட்டுப் பட்ட பாட்டுக்குப் பிறகு வேறு யாரும் விளையாட்டாக இழுத்ததில்லை. என் மனைவி மட்டும் வெகுநாள் அண்ணியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்லு மனசு என்பாள். எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது.

அண்ணனுக்குக் கப்பல் மேல் ஆசை. ஒல்லாந்தர் கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்தில் நிற்கும். துணி மூட்டைகளைப் படகில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலைக்கு அண்ணன் போய்வருவார். போன இடத்தில் கப்பலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து கதை சொல்வார். கடைசியில் கப்பலில் பாய் இழுக்கிற கலாசியாகச் சேர்ந்து ஜாவா தேசம் போய் வருவதாக முடிவு செய்தார். பெண்சாதியிடம் எங்கே கேட்பது? பந்தலுக்கு வந்தார். ஊர் முன்னால் உட்கார்ந்தார்.

"யம்மா, நான் பாடு கேக்க வரல. கப்பல் கேக்க வந்தேன். போயிட்டு வரட்டுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. எழுந்து கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார். வெளியே வந்து, "போயிட்டு வா" என்றார். அந்த அறைக்குள் அன்றைக்கு எதை எண்ணினார் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அண்ணன் போனார். முதல் இறால் பருவம் வந்து போயிற்று. அண்ணனின் பாட்டை நான் கட்டி மீனை அண்ணி வீட்டுக்குக் கொடுத்தேன். இரண்டாவது பருவமும் போயிற்று. கப்பல்கள் வந்தன, அண்ணன் வரவில்லை. காய்ச்சலில் போய்விட்டார் என்று ஒருவன் சொன்னான். இல்லை, வேறு கப்பலில் பார்த்தேன் என்று இன்னொருவன் சொன்னான். அண்ணி வெள்ளிக்கிழமை விளக்கில் ஒரு திரி கூடப் போட்டார், அவ்வளவுதான்.

எங்கள் முறையில் ஒரு விதி உண்டு. ஊரை விட்டுப் போனவன் மூன்றாவது பருவத்துக்குள் வந்து வலையைத் தொடாவிட்டால் அவன் பாட்டை எடுத்துவிடுவார்கள். எடுத்த அன்றைக்கு மாலையே ஊர்ப் பெண்கள் அவன் மனைவியை ஏரிக்கு அழைத்துப்போய் வளையை உடைப்பார்கள். பாடு போனால் ஆள் போனான் என்று அர்த்தம். நைனா காலத்திலிருந்து, அதற்கும் முன்னாலிருந்து அப்படித்தான்.

மூன்றாவது பருவத்துக்குப் பாடு போடுகிற நாள் வந்தது. அண்ணி தன் வாயால் தன் வீட்டுச் சோற்றை எடுக்க வேண்டும், தன் கை வளையையும் எடுக்க வேண்டும். இல்லையென்றால் இதுவரை ஊருக்குச் சொன்ன நியாயமெல்லாம் பொய்யாக வேண்டும்.

யாரும் கேட்காமல் விட்டுவிடுவார்கள் என்று ஓர் ஆசை இருந்தது. கிழக்குத் தெரு மாமா எழுந்தார். நல்ல மனிதர். கல்யாணமான அவர் மகன், பாட்டில் இடம் காலியாகட்டும் என்று காத்திருந்தான். பெண்சாதி வேறு மாசமாக இருந்தாள். அவனுக்கும் சோறு வேண்டும்தானே.

"கேக்க வாய் வரலம்மா" என்றார். "ஆனா பந்தல்ல கேக்காம எங்க கேப்பேன்? உங்க வூட்டுக்காரரு பாடு இன்னும் நிக்குதா?"

வேப்பமரத்தடியில் பெண்கள் ஏற்கெனவே கூடியிருந்தார்கள். நான் எழுந்துவிட்டேன்.

"அண்ணி, உள்ள போகாதீங்க. இங்கயே சொல்லிடுங்க, அவரு உயிரோட கீறாருனு. ஒருத்தன் பாத்ததா சொன்னானே."

"கீறாருனு நான் ஆயிரம் தரம் சொல்வேன் தம்பி" என்றார். "மாமா அத கேக்கலியே. பாடு நிக்குதான்னு கேக்குறாரு."

கால் கழுவினார். உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாடைக்காற்று பந்தலைக் குறுக்கே கடந்து போய்க்கொண்டிருந்தது. நான் கங்கையம்மனைக் கூப்பிட்டேன். இதைக் கொடு, அதைக் கொடு என்று வேண்டத் தெரியவில்லை. அம்மா, நீ கூட இரு என்று மட்டும் சொன்னேன்.

கதவு திறந்தது. கையில் அண்ணன் வீட்டு அடையாளம், அந்த நீலப்பூப் பீங்கான் சில்லு. மாமாவின் மகனைப் பார்த்தார்.

"உன் அடையாளம் இன்னா கொண்டாந்தே?"

அவன் விழித்தான். தரையில் தடவி ஒரு புளியங்கொட்டையை எடுத்துக் கொடுத்தான்.

"இது உள்ள போவுது. இது வெளிய வந்துச்சு. எங்க வூட்டுப் பாடு இன்னையோட நின்னு போச்சு."

வேப்பமரத்தடியில் ஒரு பெருமூச்சு. பெண்கள் எழுந்தார்கள். கருவாட்டுக் கிழவிதான் முன்னால் வந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வா தாயி" என்று அண்ணியின் கையைப் பிடித்தாள்.

"எங்க கூப்பிடுறே?"

"ஏரிக்கு. வளை எடுக்கணுமே."

"இன்னாத்துக்கு?"

கிழவி பிடித்த கையை விடவில்லை. "பாடு எடுத்தா வளை எடுக்கணும் தாயி. அது முறை."

"குந்து யம்மா" என்றார் அண்ணி. கையை உதறவில்லை. அவளைப் பிடித்துப் பாயில் உட்கார வைத்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "உள்ள போயி நான் பாத்தது ஒண்ணுதான். அவரு வந்து வலையத் தொட்டாரா? தொடல. அதனால பாடு போச்சு. அவரு கடல்ல கீறாரா, கரையில கீறாரா, மேல போயிட்டாரா, அதப் பாக்க அந்த அறையில ஜன்னல் இல்ல. பாக்காதத நான் சொல்லமாட்டேன். நீங்க யாராச்சும் பாத்திருந்தா இங்க சொல்லுங்க. சொன்னா நானே முன்னால நடந்து ஏரிக்கு வரேன்."

அந்தப் பந்தலில் ஒளிந்து நின்று சொல்ல இடமில்லை. காய்ச்சலில் போய்விட்டார் என்று சொன்னவன் அங்கேதான் இருந்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனும் கேட்டதுதான், பார்த்ததில்லை.

கிழக்குத் தெரு மாமா மறுபடி எழுந்தார். "பாடு வாங்கினவன் நானு. நான் சொல்றேன். எம் புள்ளைக்கு வேண்டியது பாடு. அவங்க வளை இல்ல. எல்லாம் வூட்டுக்குப் போங்க."

பெண்கள் பிறகு ஒவ்வொருத்தியாகக் கலைந்து போனார்கள். கிழவி மட்டும் பாயில் உட்கார்ந்து அழுதாள். அவள் வளை அப்படித்தான் ஒரு காலத்தில் உடைந்ததாம், பார்த்தவன் யாருமில்லாமல். அன்றைக்குத்தான் அதை அவள் வாயால் கேட்டோம்.

அண்ணன் வந்தாரா என்று கேட்பீர்கள். வரவில்லை. பார்த்தேன் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. அண்ணி தன் காலம் முடிகிற வரை வளையோடுதான் இருந்தார். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் பாட்டை எடுத்ததற்காக எந்தப் பெண்ணின் கையையும் யாரும் பிடிக்கவில்லை. பாடு ஒரு பக்கம், வளை ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது. தெய்வம் ஒரு ஊருக்கு எப்போதாவதுதான் இப்படி ஒருத்தரைக் கொடுக்கும். எங்களுக்குக் கொடுத்தது.

பாடு நின்ற அன்றைக்குச் சாயங்காலம் நான் போய், "என் பாடு மீன்ல பாதி உங்களுக்கு அண்ணி" என்றேன்.

"உன் மீனு உன் புள்ளைங்களுக்கு. எனக்கு வேற எடம் கீது."

எந்த இடம் என்று சொல்லவில்லை. மறுநாள் விடிந்ததும் தெரிந்தது. கரையோரத்துச் சேற்றுத் தண்ணீருக்குப் பாடு கிடையாது. அங்கே இருளர் வீட்டுப் பெண்கள்தான் இடுப்பளவு தண்ணீரில் நின்று, காலால் துழாவிக் கையால் இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடுகிற பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்திருப்பார்கள், இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்கும். எங்கள் வீட்டுப் பெண்கள் அதில் இறங்கினால் கௌரவக் குறைச்சல் என்று பேச்சு. அந்தப் பெண்களுக்கு நடுவில் அண்ணி நின்றிருந்தார், பல்லில் பறியோடு. எப்படிக் காலை வைப்பது என்று ஒருத்தி சொல்லிக் கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தோணிகளில் போன எங்கள் ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

நானும் என் மனைவியும் கரையில் நின்றோம். வாடைக்காற்று எலும்பைத் துளைத்தது.

"அண்ணி, குளிரலியா?" என்று கத்தினேன்.

அண்ணி பறியை வாயிலிருந்து எடுத்தார்.

"குளிருதுதான். இறாலும் கீதே!"

மறுபடி கயிற்றைக் கடித்துக்கொண்டு குனிந்தார். நான் பக்கத்தில் திரும்பி ஏதோ சொல்லப் போனேன். என் மனைவி அங்கே இல்லை. வீட்டுக்குள் போய் எங்கள் பறியை எடுத்துக்கொண்டு வந்தாள். புடவையை முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகினாள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தண்ணீரில் இறங்கி, அண்ணியின் பக்கத்தில் போய் நின்றாள்.